பள்ளிகளுக்கான ஆற்று ஆய்வுப் பெட்டி: தென்பெண்ணைக் கரையில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கு என்று விற்கப்படும் ஆற்று ஆய்வுப் பெட்டி ஒன்றைத் தருமபுரி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர்களோடு தென்பெண்ணையாற்றில் பயன்படுத்திய அனுபவத்தை வைத்து இம்மதிப்புரையை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஏறத்தாழ இதே உள்ளடக்கத்தோடு வெவ்வேறு பெயர்களில் பல பெட்டிகள் விற்பனையில் உள்ளன, அவற்றின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அனுப்பும் செலவு உட்பட எங்களுக்கு ரூ.6,000-ஐ ஒட்டி ஆயிற்று. வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல்தட்டில் வரிசையாக அடுக்கப்பட்டு, விளம்பரத்திலும் பெரிதாகக் காட்டப்படும் வேதிக்கரைசல்கள் ஆற்றின் நலத்தைப் பற்றிச் சொல்வது குறைவு. அடித்தட்டில் மடித்துத் திணிக்கப்பட்டிருக்கும் வலை, வெள்ளைத் தட்டு, கைலென்ஸ், இரண்டு ஆக்சிஜன் குப்பிகள் ஆகியவை சொல்வதே அதிகம். இதை அறிந்து வாங்கினால் கொடுத்த பணம் வீணாகாது.

இவ்வாறு அமைந்ததற்குக் காரணம் உண்டு. இப்பெட்டி ஆற்றுக்கென்று புதிதாகச் சிந்தித்துச் செய்யப்பட்டதன்று. ஊராட்சிகளில் குடிநீரைச் சோதிக்கப் பயன்படும் களப் பரிசோதனைப் பெட்டியை எடுத்து, அதனோடு ஒரு வலையையும் ஒரு பட அட்டையையும் சேர்த்து உருவாக்கியது. எனவே கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, ஃபுளோரைடு, எஞ்சிய குளோரின் என்று குடிநீருக்கான சோதனைகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. ஆற்றில் எஞ்சிய குளோரினைத் தேட வேண்டிய தேவை எந்தப் பள்ளிக்கும் இராது. ஃபுளோரைடு சோதனை எங்கள் பகுதியில் மிக முக்கியமானதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் பயன்பாட்டுக்கும் திறக்கப்பட்டது. ஆனால் அந்த ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேர்வது. ஆற்றில் அதன் அளவைப் பார்த்து ஆறு நலமாக உள்ளதா என்று முடிவு செய்ய இயலாது. அக்கரைசலை நாங்கள் ஆற்றுக்குக் கொண்டுசெல்லாமல், மாணவர்கள் தங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டுவந்து பள்ளியில் சோதிக்கும் நாளுக்கென ஒதுக்கிவிட்டோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற இந்தியத் தரநிலையை வைத்து அட்டையில் நிறத்தை ஒப்பிடும்போது அவர்கள் காட்டிய அக்கறை வேறெந்தச் சோதனையிலும் இல்லை. அந்த அளவில் அது பயனுள்ள குப்பி. ஆற்று ஆய்வுக்கு உரியதன்று என்பதே என் மதிப்பீடு.

தென்பெண்ணையைத் தேர்ந்ததற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெட்டியின் தகுதியை ஆற்றின் தன்மையிலிருந்து பிரித்துப் பேச முடியாது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக வரும் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு, ஓசூருக்கு அருகில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அணையிலிருந்து நீர் திறக்கப்படும்போது வெண்ணுரை மலைபோல் எழும் படங்களைச் செய்தித்தாள்களில் பார்க்காதவர்கள் இம்மாவட்டங்களில் குறைவு. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, காவேரிப்பட்டணத்தைக் கடந்து, இருமத்தூர், அனுமன்தீர்த்தம் வழியாகச் சாத்தனூர் அணைக்குச் செல்கிறது. ஒரே ஆறு, மேலே நகரத்துக் கழிவு, நடுவில் இரண்டு அணைகள், கீழே வேளாண் நிலங்களும் ஆடிப்பெருக்குத் துறைகளும் என்று இருப்பதால், ஒரே நாளில் மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்க்கப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே ஓரிடமும் இருமத்தூர்ப் பக்கம் ஓரிடமும் எங்கள் நிலையான இடங்கள். வேறுபாடு தெரிவதற்காக ஒகேனக்கல் பக்கம் காவிரியின் பாறைப்படுகையிலும் இதே பெட்டியைத் திறந்து பார்த்தோம்.

மேல்தட்டின் வேதிச் சோதனைகளில் ஆற்றுக்குப் பயன்படுபவை பி.எச்., நைட்ரேட், பாஸ்பேட், அம்மோனியா ஆகிய நான்கும், உடன் வரும் மின்கடத்துதிறன் பேனாவும்தான். பேனா விரைவாக வேலை செய்கிறது; மாணவர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது நேரடியாக அளப்பது மின்கடத்துதிறனை மட்டுமே; கரைந்த உப்புகளின் அளவு என்று திரையில் காட்டும் எண், உள்ளே ஒரு மாறிலியால் பெருக்கி வருவது. அந்த மாறிலி நிறுவனத்துக்கு நிறுவனம் 0.5 முதல் 0.7 வரை மாறும். ஆகவே இரண்டு பள்ளிகள் வெவ்வேறு பேனாக்களால் அளந்த எண்களை ஒப்பிட வேண்டுமானால் மின்கடத்துதிறனாகவே குறித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பெட்டியின் கையேடு சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள வரம்பும் (2,250 மைக்ரோசீமன்ஸ்) மின்கடத்துதிறனாகவே கூறப்பட்டிருப்பதால், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த எண் நேராகப் பொருள் தருகிறது.

நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் படிக்கும் முறையில் சிக்கல்கள் உண்டு. நீர் கலங்கலாக இருந்தால் அதன் செம்மண் நிறமும் கரைசலின் நிறத்தோடு சேர்ந்துவிடும். எனவே முதலில் வடிகட்ட வேண்டும், பெட்டியிலோ வடிதாள் இல்லை. உச்சி வெயிலில் ஒரு நிறமாகத் தெரிவது புங்கமர நிழலில் வேறொன்றாகத் தெரிகிறது. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத மாணவர் ஒருவர் குழுவில் இருந்தால் அவர் கையில் அட்டையைக் கொடுத்துவிட்டு எண்ணைக் கேட்பது முறையன்று. அவரைக் குறிப்பெடுக்கவோ நேரத்தைக் கணக்கிடவோ வைக்கலாம். மூவர் தனித்தனியே படித்து, மூவரின் எண்ணையும் எழுதிவைப்பது நாங்கள் கண்ட நல்ல வழி. மூன்றும் ஒத்துவராதபோது அதையே ஒரு செய்தியாகக் குறித்துக்கொள்ளக் கற்றதுதான் இக்குப்பிகள் எங்களுக்குத் தந்த பெரிய பயன்.

அம்மோனியாக் குப்பியைப் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. அதில் இருப்பது நெஸ்லர் கரைசல்; அது பாதரசச் சேர்மம். சோதனை முடிந்த மஞ்சள் நிற நீரை என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் சோதனைக்குழாயைக் கழுவி ஆற்றிலேயே ஊற்றுவதுதான் இயல்பாக நடக்கும். ஆற்றின் நலத்தை அறியச் சென்றவர்கள் ஆற்றில் பாதரசத்தை ஊற்றிவிட்டு வருவது ஏற்க முடியாதது. மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் கேனைக் கழிவுக்கென்று தனியே எடுத்துச் சென்று, திரும்பி வந்து பள்ளி வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும். சாலிசிலேட் முறையில் செய்யும் அம்மோனியாச் சோதனைகளில் பாதரசம் இல்லை. அடுத்த முறை கரைசல் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அம்மோனியாவை விட்டுவிடுங்கள் என்பதே என் பரிந்துரை.

கருமை நிறமாக மாறும் நுண்ணுயிர்க் குப்பியும் பெட்டியில் உண்டு. குவாலியரில் ஆய்வாளர் மஞ்சாவும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1982-இல் வெளியிட்ட எளிய முறை இது. நீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்குமானால் கருத்துவிடும். கிணற்று நீருக்கு அருமையான சோதனை. ஆற்றில் மாடு இறங்கும், கொக்கு நிற்கும், குடியிருப்புகளின் வடிகாலும் சேரும். திறந்த ஆற்று நீர் எதை எடுத்து ஊற்றினாலும் குப்பி கருத்துத்தான் போகும். எல்லா இடமும் கருப்பு என்றால் இடங்களுக்கிடையே வேறுபாடு என்ன என்று தெரியாது. ஆற்றுநீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட ஒருமுறை போதும்.

இனி, பெட்டியின் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வருகிறேன். கரைந்த ஆக்சிஜன் சோதனை, ஹங்கேரி நாட்டு வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வகுத்த முறையின் எளிய வடிவம். காற்றுக்குமிழி இல்லாமல் குப்பியை நீருக்கடியிலேயே நிரப்பி மூடி, மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் சேர்த்தவுடன் வீழ்படிவு உண்டாகிறது. ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பாகும்; அறவே இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கணக்கிடுவதற்கு முன்பே ஆற்றின் நிலையைப் பிள்ளைகள் நிறத்தில் பார்த்துவிடுகிறார்கள். பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை தயோசல்பேட்டைத் துளித்துளியாக எண்ணி விடுகிறோம். ஒரு துளிக்கு, லிட்டருக்கு அரை மில்லிகிராம் ஆக்சிஜன் என்பது கணக்கு. துல்லியம் அவ்வளவுதான், 5.0, 5.5 என்று சொல்லலாம், 5.2 என்று சொல்ல முடியாது. பள்ளிக்கு அது போதும். அமிலம் கந்தக அமிலம் என்பதால் அந்தப் படியை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். கையுறையும் கண்ணாடியும் பெட்டியில் இல்லாதது குறை.

இச்சோதனையில் கையேடு செய்யும் பெரும்பிழை ஒன்றைச் சுட்டாமல் இருக்க முடியாது. லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நன்று, 6-க்குக் கீழே போனால் மாசு என்று ஒரு பட்டியல் அச்சிடப்பட்டிருக்கிறது. நீர் சூடாகச் சூடாக அது தாங்கும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில், 20 டிகிரியில் நன்னீர் முழுமையாகக் கொள்ளும் அளவு ஏறத்தாழ 9 மில்லிகிராம்; 30 டிகிரியில் அது ஏழரைதான். உயரம் கூடினாலும் குறையும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர்ப் பகுதியில் பத்தில் ஒரு பங்கு மேலும் கழிந்துவிடும். கையேட்டின் பட்டியலை அப்படியே நம்பினால், கோடையில் எங்கள் மாவட்டத்தின் எந்தத் தூய நீரோடையும் நன்று என்ற தகுதியைப் பெறவே முடியாது. எனவே வெப்பநிலையையும் உடன் அளந்து, அந்த வெப்பநிலையில் இருக்க வேண்டியதில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று கணக்கிடுவதே சரியான வழி. அதற்குரிய அட்டவணையை நாங்களே எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறோம். ஒப்பீட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயன்பாட்டு வகுப்புகளை எடுத்துக்கொள்வது பொருத்தம்: குளிக்க உகந்த நீரில் 5-க்கும், மீன்கள் வாழ உகந்த நீரில் 4-க்கும் குறையக் கூடாது. இவை நம் நாட்டுச் சூட்டை அறிந்து வகுத்தவை.

நேரமும் முக்கியம். பள்ளி வேன் ஆற்றங்கரையை அடையும்போது பெரும்பாலும் பதினொரு மணி ஆகிவிடுகிறது. வேதியுரமும் சாக்கடையும் கலந்து பாசி பச்சையாகப் படர்ந்த மடுவில் அந்நேரம் அளந்தால் ஆக்சிஜன் மிகுதியாகவே காட்டும். பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம். இரவு முழுதும் அதே பாசியும் அடியிலுள்ள மக்கும் பொருளும் அதை உறிஞ்சித் தீர்த்து, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆற்றோரக் கிராமத்தில் வசிக்கும் மாணவர்கள் சிலர் பெற்றோர் துணையுடன் சூரியன் எழும் முன் எடுத்த அளவையும், அதே மடுவில் நண்பகலில் நாங்கள் எடுத்த அளவையும் அடுத்தடுத்து எழுதியபோது, விடியல் அளவு நண்பகலின் பாதிகூட இல்லை. மடு நலமாக இருக்கிறது என்று நண்பகல் எண் சொல்ல, அதில் மீன் வாழ முடியாது என்று விடியல் எண் சொல்லிற்று. பி.எச். அளவும் அவ்வாறே பகலில் ஏறி இரவில் இறங்குகிறது. இப்பெட்டியை வாங்கும் எந்தப் பள்ளியும் ஆண்டில் ஒரு முறையாவது விடியல் அளவை எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எழுதும் ஆக்சிஜன் அறிக்கையை நான் ஏற்கத் தயங்குவேன்.

இரண்டு குப்பிகள் கொடுத்திருப்பது இப்பெட்டியை வடிவமைத்தவரின் நல்ல சிந்தனை. ஒன்றைக் கரையிலேயே சோதித்துவிட்டு, மற்றதைக் கருந்துணியில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்து இருட்டு அலமாரியில் மூன்று நாள் வைத்துச் சோதித்தால், நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்பதற்குச் செலவான ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரிகிறது. உலகில் பல இடங்களில் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று வைத்திருப்பதை இந்தியத் தரநிலை 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றியமைத்திருக்கிறது. எங்கள் பள்ளி அலமாரி மார்கழியிலும் சித்திரையிலும் அந்த வெப்பநிலையில் நிற்காது. ஆவணி, புரட்டாசியில் ஓரளவு நிற்கிறது. துல்லிய எண்ணாக இதைக் கொள்ளாமல், மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் உள்ள வேறுபாடாகக் கொள்ளலாம். மூன்றாம் நாள் குப்பியில் ஆக்சிஜன் சற்றும் இல்லை என்றால் கழிவு அளவு மீறியது என்பது மட்டுமே தெரியும். அத்தகைய நீரை முதலிலேயே தூய நீர் கலந்து நீர்க்கச் செய்து வைக்க வேண்டும். வியாழக்கிழமை ஆற்றுக்குச் சென்றால் மூன்று நாள் முடிவது ஞாயிறு ஆகிவிடும் என்பதால் திங்கள் அல்லது செவ்வாயன்று செல்லுங்கள்.

வலையும் வெள்ளைத் தட்டும் இப்பெட்டியின் உயிர். ஒரு நாள் அளந்த ஆக்சிஜன் அந்த ஒரு நாளைத்தான் சொல்லும். நேற்றிரவு ஒரு தொழிற்சாலை கழிவைத் திறந்துவிட்டு நிறுத்தியிருந்தால் இன்றைய குப்பியில் அது தெரியாது. ஆனால் கல்லுக்கடியில் மாதக்கணக்கில் வாழ்ந்து வளரும் சிற்றுயிர்கள் அந்த இரவைக் கடந்திருக்க வேண்டும். கடக்க முடியாதவை அங்கே இராது. ஓடுநீரில் வலையை எதிர்முகமாக ஊன்றி, முன்னே உள்ள கற்களை மூன்று நிமிடம் காலால் கிளறி, வலையில் சேர்ந்ததைத் தட்டில் கொட்டியவுடன் முதலில் மணலும் சருகும் மட்டுமே தெரியும். சற்றுப் பொறுத்தால் அவை நகரத் தொடங்கும். தட்டானின் இளவுயிரி, மூன்று வால் கொண்ட மே ஈயின் இளவுயிரி, மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு நகரும் காடிஸ் ஈயின் புழு, நத்தை, அட்டைப்பூச்சி, செந்நிற இரத்தப்புழு என்று பிரித்து எடுக்கும்போது, வகுப்பில் வாய் திறக்காத மாணவர்களும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

உடன் வரும் பட அட்டை, பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியில் உருவான மதிப்பெண் முறையைத் தழுவியது. மாசைத் தாங்காத உயிர்க் குடும்பத்துக்கு 10 மதிப்பெண், தட்டான் குடும்பங்கள் பலவற்றுக்கு 8, சாதாரண நத்தைக்கும் அட்டைப்பூச்சிக்கும் 3, இரத்தப்புழுவுக்கு 2, சேற்றுப்புழுவுக்கு 1. எல்லாவற்றையும் கூட்டி, கிடைத்த குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். மொத்தத்தைவிடச் சராசரியே நம்பத்தக்கது, ஏனெனில் நன்கு தேடிய குழுவுக்கும் சோம்பலாகத் தேடிய குழுவுக்கும் மொத்தத்தில் பெரிய வேறுபாடு வரும், சராசரியில் அவ்வளவு வராது. ஆனால் அட்டையில் முதலிடத்தில் இருக்கும் கல் ஈக்கள் குளிர்ந்த, விரைந்தோடும் மலை நீருக்கு உரியவை. இருமத்தூரின் வெதுவெதுப்பான மணற்படுகையில் அவற்றைத் தேடிக் காணாமல், ஆறு கெட்டுவிட்டது என்று எழுதுவது தவறு. நகரும் மணலே பல உயிர்கள் தங்க இடம் தராதது. ஒகேனக்கல் பாறையில் கிடைத்த எண்ணையும் இங்கே மணலில் கிடைத்த எண்ணையும் அருகருகே வைத்து இது நல்ல ஆறு, அது கெட்ட ஆறு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. அட்டை தரும் வகுப்புகளை விட்டுவிட்டு, ஒரே ஆற்றில், ஒரே மாதிரியான கல்பரப்பில், கழிவு கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் ஒப்பிட்டால் மட்டுமே அது உண்மை பேசும். இந்திய ஆறுகளுக்கு ஏற்ப இம்முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திருத்தி, உயிர்களின் வகைமையையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்றை வகுத்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் அதைத் தழுவி அட்டையை மறுபதிப்புச் செய்ய வேண்டும்.

கையேட்டில் இல்லாத இன்னொன்று, வெள்ளத்துக்குப் பிந்தைய நிலை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் படுகையைப் புரட்டி, கல்லடி உயிர்களை அடித்துச் சென்றுவிடும். அடுத்த சில வாரங்களில் வலையில் ஒன்றுமே சிக்காவிட்டால் அது மாசினால் அன்று. ஆடிப்பெருக்கு அன்று இருமத்தூரிலும் அனுமன்தீர்த்தத்திலும் கூடும் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும் என்று மாணவிகள் கேட்டார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அதைத் தனி ஆய்வாகவே வைக்க வேண்டும், ஆண்டு முழுதுமான பதிவோடு கலக்கக் கூடாது.

வலையின் தரம் குறைவு. கண்கள் கொசுவலை அளவுக்கு அகன்றிருப்பதால் இரத்தப்புழுவும் சேற்றுப்புழுவும் வழுவி வெளியேறிவிடுகின்றன. மாசைக் காட்டும் உயிர்களே தப்பிவிடுவதால் ஆறு இருப்பதைவிட நலமாகத் தோன்றுகிறது. அரை மில்லிமீட்டர் கண் கொண்ட துணியை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்து அதே சட்டத்தில் மாற்றித் தைத்துக்கொண்டோம். கைப்பிடி உறுதியானது. கைலென்ஸ் நன்று. தட்டு ஆழமற்றது, வெள்ளைப் பிளாஸ்டிக் பேசின் அதைவிட வசதி.

கெலவரப்பள்ளி நுரையைச் சோதிக்கப் பெட்டியில் எதுவும் இல்லை. சலவைப் பொருள்களிலுள்ள நுரைப்பான்களை அளக்கும் கரைசல் வேறு, அது எளிதும் அன்று. பாஸ்பேட் அளவு ஓரளவு துணை செய்யும். நுரையைப் பார்க்க வேண்டும் என்றே பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள்; அங்கே அழைத்துச் செல்வதானால் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்த வேண்டும், நீரில் இறக்கக் கூடாது. நீரோட்டத்தை அளக்கவும் எதுவும் தரவில்லை. கயிறு, அளவுநாடா, கடிகாரம், ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால் போதும். பத்து மீட்டரைப் பழம் கடக்கும் நேரத்தைக் கொண்டு மேற்பரப்பு வேகத்தைக் கண்டு, அதை 0.85-ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கனமீட்டர் ஓடுகிறது என்று தெரியும். ஓட்டம் தெரியாமல் நைட்ரேட் எண்ணை மட்டும் எழுதினால், கழிவு கூடியதா, நீர் குறைந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. கரையின் நிலையைக் குறிக்கும் படிவமும் இல்லை. கோரை, நாணல், நாவல் எங்கே நிற்கின்றன, சீமைக் கருவேலம் எங்கே மூடிவிட்டது, மணல் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று நாங்களே ஒரு படிவம் வரைந்தோம். ஊர்ப் பெரியவர்களிடம் விரால், ஆரால், அயிரை முன்பு எங்கெங்கே கிடைத்தன, ஜிலேபிக் கெண்டை எப்போது மிகுந்தது என்று கேட்டு எழுதும் பகுதியையும் அதில் சேர்த்திருக்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றிக் கையேடு காட்டும் அலட்சியம் மன்னிக்கத் தக்கதன்று. கிருஷ்ணகிரி அணையில் நீர் திறக்கப்பட்டால் கீழே ஆறு விரைவில் ஏறும். புறப்படும் நாளில் காலையிலேயே நீர்வளத் துறையிடம் நீர்திறப்பு விவரம் கேட்டறிந்து, முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் யாரையும் இறக்காமல், மேல் மழையுள்ள நாளில் பயணத்தையே ஒத்திவைக்க வேண்டும். கயிறும் மிதவைச் சட்டையும் தனியே வாங்குங்கள். ஆய்வு முடிந்தவுடன் சோப்பால் கை கழுவிய பின்னரே உணவுப் பொட்டலத்தைத் திறக்க விடுங்கள்.

கரைசல்கள் ஏறத்தாழ ஓராண்டில் காலாவதியாகின்றன. வெயிலில் நின்ற வேனில் விட்டுவிட்டால் ஸ்டார்ச் அதற்கு முன்பே கெட்டுவிடும். மறுநிரப்புக் கரைசல் கேட்டு எழுதியபோது பதில் வரத் தாமதமானது, வந்ததும் முழுத் தொகுப்பாகவே வந்தது; ஆக்சிஜன் கரைசல்களை மட்டும் பிரித்துத் தர அவர்கள் முன்வரவில்லை. மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் அதே நீரின் மாதிரியைக் கொடுத்து, எங்கள் நைட்ரேட், குளோரைடு அளவுகளோடு ஒப்பிட்டோம். குளோரைடு நன்றாகவே ஒத்துவந்தது. நைட்ரேட் அட்டையின் ஒரு படி அளவுக்கு விலகியது. இவ்விலைக்கு அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஆண்டுக்கு ஒருமுறை உலக நீர் நாளன்று ஒரு படம் எடுத்துக்கொள்வதற்காக இப்பெட்டியை வாங்க நினைக்கும் பள்ளிகள் வாங்க வேண்டாம். பருவமழைக்கு முன், மழைக்குப் பின், கோடையில் என்று ஒரே இடங்களுக்குத் தொடர்ந்து செல்லும் எண்ணமுள்ள பள்ளிகள், அருகிலுள்ள இன்னொரு பள்ளியோடு சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கரைசல் காலாவதியாகும் முன்பே தீர்ந்துவிடும், செலவும் பாதியாகும். வாங்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: பாதரசமற்ற அம்மோனியாச் சோதனை, அரை மில்லிமீட்டர் வலை, ஆக்சிஜன் கரைசலைத் தனியாக மறுநிரப்பும் உறுதி. மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், வலையைத் தையற்காரரிடமும், குப்பிகளையும் கரைசலையும் பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடையிலும் தனித்தனியே வாங்கி, இப்பெட்டியின் அடித்தட்டை நீங்களே குறைந்த செலவில் அமைத்துக்கொள்ளலாம்.